அறுநூறாம் நம்பர் மசியல்

பல் செய்கிறவனுக்கு முகம் கிடையாது. பல் டாக்டருக்கு உண்டு. பெயர்ப்பலகை உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு, நோயாளி கிளம்பும்போது இரண்டு கையையும் சேர்த்துச் சொல்லும் நன்றியும் உண்டு. ஆஸ்பத்திரியின் முதல் மாடியில் டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுப்பார். அந்த அச்சு ஒரு நம்பர் சீட்டோடு பிளாஸ்டிக் டப்பாவில் படியிறங்கி அடித்தளத்துக்கு வரும். அங்கே ஜன்னல் இல்லாத ஓர் அறையில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பான். அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு வடித்து, பல்லைப் பல்லாகப் பதித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றி, அதே டப்பாவில் மேலே அனுப்புவான். மேலே யாரோ ஒருவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார். கீழே இவன் அடுத்த நம்பரை எடுப்பான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு நாற்பத்திரண்டு வயதா என்று கேட்கக் கூடாது. மாமனார் இருக்கும்வரை மாப்பிள்ளை மாப்பிள்ளைதான்.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் வேலை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே கடைக்காரர்கள் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் அவர் கண்ணில் படும். பேரக்குழந்தையை முதன்முதலாகக் கையில் வாங்கியபோதுகூட, "நர்ஸ் சொன்னதை விட ஐம்பது கிராம் கம்மியா இருக்கும் போல இருக்கே" என்றுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிக உயர்ந்த பாராட்டு "சரியா இருக்கு." அதையும் அவர் சொல்லிக் கேட்டவர்கள் குறைவு.

மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது விசாரித்தால் மாமனார், "ஆஸ்பத்திரில இருக்கார்" என்பார். கேட்டவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள், அல்லது படுத்த படுக்கை என்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். இரண்டுக்கும் மாமனார் மறுப்புச் சொன்னதில்லை. பல் செய்கிறவன் என்பதைத் தவிர வேறு எதுவும் அவருக்குச் சம்மதம்தான் போலிருக்கிறது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்வான். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். அவனுக்குக் குட்டு பதினான்கு வருஷமாகத் தட்டாமல் கிடைத்து வந்தது. வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை அவனுடைய வேலையைக் கையில் எடுத்துப் பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்ல வேண்டும்.

அதற்கு வழி பிறந்தது. மாமனாருக்குப் பல் எல்லாம் ஆட ஆரம்பித்தது.

மிச்சமிருந்த எட்டுப் பல்லையும் டாக்டரம்மா இரண்டு தவணையில் பிடுங்கினார். ஈறு ஆற ஆறு வாரம் என்றார். மாமியார் போன பிறகு தனியாக இருந்த மாமனார், ஒரு பெட்டி துணியும் ஒரு கைத்தராசும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சாப்பாட்டில்தான் சண்டை தொடங்கியது. மகள் சூப் வைத்தாள். "இது தண்ணிம்மா. சாப்பாடு எங்க?" உருளைக்கிழங்கை மசித்து வைத்தாள். "சுவத்துக்குப் பூசறதா?" ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தாள். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குழந்தைக்குக் கொடு" என்று தள்ளி வைத்தார். தினமும் காலையில் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி நின்று, வீடு முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். "உங்க வீட்டுக்கு வந்ததுலேர்ந்து ஒரு கிலோ நானூறு கிராம் இறங்கியிருக்கேன்." அவள் அடுப்படியில் நின்று மூக்கைச் சிந்துவாள்.

நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றை மாப்பிள்ளை ஒருநாள் புரட்டினான். வெள்ளை பீன்ஸ் கொட்டையை வேகவைத்து, காய்களைச் சூட்டில் வாட்டி, இரண்டையும் சேர்த்து மசித்து, வீட்டிலேயே செய்யக்கூடிய டிப், அதாவது தொட்டுக்கொள்ளும் கூழ், என்று ஒரு குறிப்பு இருந்தது. மெல்ல வேண்டாம் என்பது படத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சமையலறை அவன் கைக்கு வந்தது. சமையல் தெரியாதவன் சமைத்தால் தனக்குத் தெரிந்த தொழிலைத்தான் அடுப்பில் ஏற்றுவான். மாப்பிள்ளை பல் செய்வதுபோலவே டிப் செய்தான். இரண்டு சிவப்புக் குடைமிளகாய், ஒரு கத்தரிக்காய், ஒரு வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, எல்லாவற்றையும் எண்ணெய் தடவித் தட்டில் அடுக்கி ஓவனில் வைத்தான். ஒரேயடியாகச் சூடேற்றவில்லை. சட்டென்று சூடேற்றினால் அச்சு வெடித்துவிடும் என்பது அவன் தொழில் பாடம். குடைமிளகாய்க்கும் அதே மரியாதை கிடைத்தது. இருபது நிமிஷத்துக்கு ஒரு படி என்று மூன்று படியாகச் சூட்டை ஏற்றி, தோல் கருகி உப்பியதும் எடுத்து மூடி வைத்து, ஆறியபின் மெழுகு செதுக்கும் புதுக் கத்தி ஒன்றால் தோலை நீக்கினான். முந்தின நாளே ஊறவைத்திருந்த பீன்ஸைக் குழைய வேகவைத்து, கிடுக்கியால் ஒவ்வொன்றாகத் தோலுரித்தான்.

"இட்லிக்கு உளுந்துகூட நான் இப்படிப் பார்த்ததில்ல" என்றாள் மனைவி, வாசற்படியில் சாய்ந்துகொண்டு.

"தோல் இருந்தா ஈறுல ஒட்டும்."

"யாருக்குச் செய்யறோம்னு நினைப்பு இருக்கா? நாளைக்கு உப்பு கம்மின்னு எழுதிக் கொடுப்பார்."

"எழுதட்டும்."

எல்லாவற்றையும் அரைத்துச் சல்லடையில் தேய்த்து இறக்கினான். எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டு, பிளாஸ்டர் மாவு குழைக்கும் புது ரப்பர் கிண்ணம் ஒன்றில் கொட்டி, கரண்டியைக் கிண்ணத்தின் ஓரத்தில் அழுத்தி அழுத்திக் கலக்கினான். காற்றுக் குமிழி வெளியேற மேஜை விளிம்பில் கிண்ணத்தை நாலு தட்டுத் தட்டினான். டிப்பில் குமிழி இருந்தால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டால் அவனுக்குப் பதில் தெரியாது. குமிழி இருந்தால் விட மாட்டான், அவ்வளவுதான்.

மாமனார் கிண்ணத்தைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முகர்ந்தார். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்து, அது எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று பார்த்தார். பிறகுதான் நாக்கில் வைத்தார்.

"இதுக்கு என்ன பேரு?"

"டிப்புன்னு போட்டிருக்காங்க மாமா."

"பேரு சரியில்ல. மசியல்னு சொல்லுங்க."

கிண்ணம் காலியானது. விரலால் வழித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, ஏதோ ஒரு கடைக்காரரிடம் சொல்வதுபோல, "சரியா இருக்கு" என்றார்.

மனைவி கணவனைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் தவம் கிடந்து கேட்ட வரம், ஒரு கிண்ணம் பீன்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று உலகம் புலம்பும். இவனுக்கு வாய்க்கு எட்டிவிட்டது, கைக்குத்தான் எட்டவில்லை. இருந்தாலும் அவன் மனம் தளரவில்லை. மசியலுக்கே இந்த மரியாதை என்றால் பல்லுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டான்.

ஆறு வாரம் கழித்து மாமனாரின் வாய், நானூற்றுப் பதினெட்டு என்ற நம்பரோடு டப்பாவில் படியிறங்கி வந்தது. மாப்பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டான். ஒரு வரிசைக்கு மூன்று நாள் எடுப்பவன் இதற்குப் பதினொரு நாள் எடுத்தான். ஈற்றின் நிறத்தை நான்கு தடவை கலந்தான். மெருகேற்றி முடித்துக் கையில் எடுத்தபோது தன் வாழ்நாளில் இதைவிட நன்றாக இன்னொன்று செய்ய முடியாது என்று அவனுக்கே தெரிந்தது.

பல் பொருத்தும் அன்று அவன் மாடிக்குப் போய்க் கதவோரம் நின்றான். மாமனார் கண்ணாடியில் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார். எழுந்து டாக்டரம்மாவை நோக்கி இரண்டு கையையும் சேர்த்தார்.

"உங்க கை சாதாரணக் கை இல்லம்மா."

டாக்டரம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த நோயாளியின் குழந்தை வீல் என்று அலறியது. மாமனார் வெளியே வந்து, "போலாமா மாப்பிள்ளை, வண்டி எங்க நிக்குது?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கைத்தராசை எடுத்தார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். பல்லையே நிறுத்துப் பார்த்தவர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். "மேல பதினேழு, கீழ பதிமூணு" என்று நோட்டில் குறித்துக்கொண்டு அறைக்குள் போனார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்தபோது வாய் பழையபடி குழிந்திருந்தது.

"மசியல் இருக்காம்மா?"

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். பல் வைக்க மகள் கொடுத்திருந்த டம்ளர் அலமாரியில் காலியாகக் கிடந்தது. பல் எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு உள்ளே எரிந்தது. அதைவிட எரிச்சல், அவரே மெச்சிய மசியலை அவன் கையாலேயே அரைத்து அவன் செய்த பல்லுக்கு வேலை இல்லாமல் பண்ணிக்கொண்டிருந்ததுதான். தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு அதுவரை அவன் வீட்டில் இத்தனை சுத்தமான சாட்சி இருந்ததில்லை. யோசித்தான். வழி ஒன்று தோன்றியது.

உப்புத்தாளுக்கு நம்பர் உண்டு. அறுநூறு நைசு, எண்பது முரடு. முரட்டில் தொடங்கி நைசில் முடிப்பது தொழில். மசியலில் அவன் அதைத் தலைகீழாக்கினான். இதுவரை கொடுத்தது அறுநூறாம் நம்பர். அடுத்த வாரம் சல்லடையை விட்டுவிட்டு நானூறு. அப்புறம் பீன்ஸைத் தோலோடு போட்டு இருநூற்றிருபது. அப்புறம் வெங்காயத்தை அரைக்காமல் நறுக்கிப் போட்டு நூற்றிருபது. குளிர்பெட்டியில் டப்பாக்களின் மேல் நம்பரை ஒட்டிவைத்தான். படிப்படியாக ஏற்றினால் ஒருநாள் மனுஷன் பல்லைத் தேடித்தானே ஆக வேண்டும்?

மாமனார் பல்லைத் தேடவில்லை. தட்டுக்கு அடியில் சீட்டு வைத்தார். முதல் வாரச் சீட்டு: "மாதிரி பெறப்பட்டது. கட்டிகள் மூன்று." இரண்டாம் வாரம்: "பீன்ஸ் தோல் ஏழு. முன்பு சொல்லியும் திருத்தப்படவில்லை." மூன்றாம் வாரச் சீட்டோடு ஆறு வெங்காயத் துண்டுகள் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் சப்பிச் சுத்தமாக்கப்பட்ட துண்டுகள். பக்கத்தில் எடையும் எழுதியிருந்தது.

"என்ன நடக்குது உங்க ரெண்டு பேருக்கும்?" என்றாள் மனைவி, தட்டை எடுத்துக்கொண்டே.

"ஒண்ணும் இல்ல."

"அப்பாகிட்ட நேரா சொல்லுங்களேன். அந்தப் பல்லு நான்தான் செஞ்சேன், போட்டுக்கோங்கன்னு. நாலு வார்த்தை. வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"நான் சொல்லி அவர் நல்லாருக்குன்னா, அது நான் கேட்டு வாங்கினது. அவரா சொல்லணும்."

"அவரா சொல்லணும், இவரா கேக்கக் கூடாது. நடுவுல நான் வெங்காயத்தை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கணும்" என்று குழாயைத் திறந்துவிட்டாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவளுக்குக் கணவனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது, அப்பாவைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. இருவர் தலையையும் சேர்த்து மோத வேண்டும் போலவும் இருந்தது.

அந்த நிலையில்தான் மாமனாரின் பழைய மேலதிகாரி மனைவியோடு மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார் என்று செய்தி வந்தது. பெரிய மீசை வைத்தவர். மாமனாரின் அறிக்கைகளை முப்பது வருஷம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தவர். மீசைக்காரர் வருகிறார் என்றதும் மாமனார் இரண்டு தடவை முகச்சவரம் செய்தார்.

மாப்பிள்ளை இதுதான் சமயம் என்று எண்பதாம் நம்பருக்குப் போனான். பீன்ஸை ஒன்றிரண்டாக மசித்து, வாட்டிய குடைமிளகாயையும் கத்தரிக்காயையும் கட்டைவிரல் பருமனுக்குத் துண்டு துண்டாகவே மேலே குவித்தான். அதை மசியல் என்று சொல்ல மனசாட்சி இடம் கொடுக்காது. பல் இல்லாமல் அதைத் தின்ன எந்த ஆய்வாளராலும் முடியாது. குழந்தைக்காகத் தனியாக அரைத்து வைத்த அறுநூறு ஒரு டப்பா குளிர்பெட்டியில் இருந்தது, அதை அவன் எடுக்கவே இல்லை.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். மீசைக்காரர் வாயைத் திறந்ததுமே மாப்பிள்ளையின் காது நிமிர்ந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் கட்டுப்பல்லின் ஒரு டக். மேல்தட்டு இரண்டு மில்லிமீட்டர் தூக்கல், கடித்தால் மேலும் கீழும் சேரவில்லை. அவன் விரல்கள் தானாக மேஜைக்கடியில் உப்புத்தாளைத் தேடின.

"எந்தப் புண்ணியவான் செஞ்சானோ" என்று மீசைக்காரரே தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பேசினா பேச்சுக்கு முன்னாடி இது பேசுது."

அப்போது அறைக்கதவு திறந்தது. மாமனார் வந்தார். நிமிர்ந்த கன்னம், நிறைந்த உதடு. "வாங்க வாங்க" என்று சிரித்தார்.

மாப்பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்தான். அச்சிலும் மெழுகிலும் பார்த்ததுதான். பொருத்திய அன்று கதவோரமாகவும் பார்த்ததுதான். உயிரோடு, சிரிப்போடு, இப்போதுதான் பார்க்கிறான். பேச்சில் ஒரு டக் இல்லை, விசில் இல்லை. மாமனார் உட்கார்ந்து எண்பதாம் நம்பரைத் தட்டில் அள்ளிப் போட்டுக்கொண்டு, ஒரு குடைமிளகாய்த் துண்டை எல்லோரும் பார்க்க நிதானமாக மென்றார். மீசைக்காரர் தன் துண்டை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, கைக்குட்டைக்குள் ஒளித்தார்.

"உமக்கென்னய்யா கவலை. இந்த வயசுலயும் சொந்தப் பல்லு" என்றார், பெருமூச்சோடு.

மாமனார் மறுக்கவில்லை. இன்னொரு துண்டு எடுத்தார்.

"சொந்தப் பல்லுதானா?" என்று கேட்டார் மீசைக்காரரின் மனைவி. "இவ்வளவு சீரா இருக்கே."

"நீ ஒருத்தி" என்றார் மீசைக்காரர். "கீழ வரிசையைப் பாரு. ஓரத்துல ஒண்ணு லேசா சாஞ்சு நிக்குது. செஞ்சு வைக்கறவன் எவனாவது காசு வாங்கிக்கிட்டுக் கோணலா வைப்பானா? கடவுள்தான் இப்படி வைப்பார்."

அந்தக் கோணல் பல்லுக்காகத்தான் பதினொரு நாளில் நான்கு நாள் போனது. மாமனாரின் கல்யாணப் படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, சாய்மானத்தை அளந்து, மூன்று தடவை பிடுங்கி நான்காவது தடவை நட்டது. தன் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். செய்த கையே இல்லை என்று சொல்லிவிட்டார் மனிதர். அவனுக்குப் பெருமை பொங்கியது. அதைக் கொட்ட இடமில்லை.

மீசைக்காரரின் மனைவி அவன் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன வேலை பார்க்கறீங்க தம்பி?"

மாமனாரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். பதினான்கு வருஷத்தில் அந்தக் கண்ணில் பயத்தை அவன் பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தான். பல் செய்கிறேன் என்ற இரண்டு வார்த்தை போதும். அடுத்த நொடி நாலு கண்ணும் மாமனாரின் வாயைத்தான் பார்க்கும். முப்பது வருஷம் அறிக்கையைத் திருப்பி அனுப்பிய மீசை சிரிக்கும். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் மாப்பிள்ளை ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

"சமையல்ங்க" என்றான்.

தண்ணீர் ஜாடியோடு வந்த மனைவி அப்படியே நின்றாள்.

"அப்படியா? எங்க?"

"ஆஸ்பத்திரி கேண்டீன்ல."

"அதான் கைமணம்" என்றார் மாமனார், கரண்டி மீண்டும் நகர. "மசியல்ல மாப்பிள்ளையை அடிச்சுக்க ஆள் கிடையாது. இன்னிக்கு அவசரத்துல கொஞ்சம் முரடாப் போச்சு. அம்மா, அந்த அறுநூறு நம்பர் டப்பா உள்ள இருக்கும் பாரு, ஐயாவுக்கு எடுத்துக் கொடு."

மீசைக்காரர் அறுநூறை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த மாதம் தங்கள் வீட்டில் பேத்திக்கு ஒரு விசேஷம், நூற்றைம்பது பேர் வருவார்கள், பாதிப் பேர் நம் வயது, இதையே செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"அதுக்கென்ன, பண்ணிடுவார்" என்றார் மாமனார்.

அவர்கள் போன பிறகு மாப்பிள்ளை பாத்திரம் கழுவ நின்றுகொண்டான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான் நின்றான். சமையல்காரன் என்று சொல்லியாயிற்று, அதை முழுதாகச் செய்துவிடலாமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். அவன் தன்னையே ஒரு கிண்ணம் பீன்ஸில் மறைத்துவிட்டான்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் வாங்க" என்று அறையிலிருந்து குரல் வந்தது.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு மரப்பெட்டி, சிறிய பூட்டு. உள்ளே சிவப்பு வெல்வெட். வெல்வெட்டில் குழி செய்து அதில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி, தெளிந்த தண்ணீர்.

"கொதிச்சு ஆறின தண்ணி. காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை மாத்தறேன். தினம் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டுப் பார்க்கறேன். இன்னும் பிடிப்பு விடல."

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. "தினம் போட்டுக்கறதுக்கு என்ன மாமா? எதுக்கு இப்படிப் பூட்டி வச்சிருக்கீங்க?"

"எங்க ஆபீஸ்ல ரெண்டு விதமான எடைக்கல்லு இருக்கும். ஒண்ணு கடை கடையா தூக்கிட்டுப் போறது. அது தேயும், அழுக்காகும், பரவால்ல. இன்னொண்ணு மூலக்கல்லு. வெல்வெட் பெட்டில பூட்டி இருக்கும். வெறுங்கையால தொடக் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை வெளில வரும், மத்த கல்லெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க. அதை வச்சு யாராவது வெங்காயம் நிறுப்பாங்களா?"

"மாமா, இது மெல்றதுக்குச் செஞ்சது."

"மென்னா தேயாதா?"

தேயும். அது மாப்பிள்ளைக்கே தெரியும்.

"இன்னிக்கு உங்க குடைமிளகாயை மென்னதே எனக்கு மனசு ஆறல" என்று சொல்லிக்கொண்டே மாமனார் பெட்டியின் மூடியை அவன் பக்கம் திருப்பினார். மூடியின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சான்றிதழ். முத்து முத்தான ஆய்வாளர் கையெழுத்து. பொருள்: பல் வரிசை, மேல் ஒன்று, கீழ் ஒன்று. எடை: பதினேழு கிராம், பதிமூன்று கிராம். தயாரித்தவர் என்ற இடத்தில் அவனுடைய முழுப்பெயர், இனிஷியலோடு. அதற்குக் கீழே, பிழை: இல்லை.

"ரெண்டாவது தடவை காட்டப் போனப்போ டாக்டரம்மா சொன்னாங்க, கீழ உக்காந்து செஞ்சது நீங்கதான்னு. முப்பத்தாறு வருஷத்துல அந்த இடத்துல 'இல்லை'ன்னு நான் எழுதினது இதான் முதல் தடவை" என்றார் மாமனார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மாப்பிள்ளை தாளைப் பார்த்துக்கொண்டே நின்றான். எழுத்து கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். சந்தோஷம்தான், இதைவிட என்ன வேண்டும், வெளியே ஓடிப்போய் யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாம் போலிருந்தது. கூப்பிட்டுக் காட்ட உலகத்தில் ஒருவரும் இல்லை.

மாமனார் திரும்பி உட்கார்ந்து, இரண்டு வரிசையையும் கழற்றி, கழுவி, ஜாடியில் இறக்கி, பெட்டியைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கன்னம் குழிந்துவிட்டது.

"இனி அவர் வீட்டு விசேஷத்துக்குத்தான் வெளில எடுக்கணும். நீங்களும் வந்தாகணும்."

"நான் எதுக்கு மாமா?"

"நல்லாருக்கே. நூத்தம்பது பேருக்கு யாரு அரைக்கறது?" என்றார் மாமனார். "அதை விடுங்க, இன்னிக்கு ராத்திரிக்கு என்ன? அந்த எண்பதெல்லாம் எனக்கு ஆகாது. அறுநூறே பண்ணுங்க."

மாப்பிள்ளை "சரி மாமா" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனான். வாழ்நாளில் அவன் செய்த மிகச் சிறந்த பல் வரிசை பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதன் சொந்தக்காரருக்காக அவன் கிடுக்கியை எடுத்து, பீன்ஸை ஒவ்வொன்றாகத் தோலுரிக்க உட்கார்ந்தான்.